நல்லதண்ணிக் கருஞ்சிறுத்தையும் வெள்ளைச் சுறாவும்

அட்டன் நகரிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் பாதை மலைநாட்டின் எழிலையும் வரலாற்றையும் ஒருங்கே காட்டுவதாகும். இருமருங்கும் தேயிலை மலைகள்; அவற்றினூடே வரிசை வரிசையாய் லயங்கள்; பள்ளத்தாக்கிலே மவுசாக்கலை நீர்த்தேக்கம். 1969ஆம் ஆண்டில் எழுந்த அந்த அணைக்கட்டின் நீருக்கடியில் பழைய மஸ்கெலியா நகரம் மறைந்து கிடக்கிறது. நீர் வற்றுங் காலத்திலே பழைய வழிபாட்டுத் தலங்களின் சுவர்கள் வெளியே தோன்றுவதைக் காணலாம். பாதை முடியும் இடத்தில் 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலை வானளாவி நிற்கிறது. மார்கழி தொட்டு வைகாசி வரை யாத்திரிகர் கூட்டம் இவ்வூரை நிறைக்கும்.

யாத்திரையால் பெயர்பெற்ற இவ்வூர் 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் வேறொரு காரணத்தால் நாடெங்கும் பேசப்பட்டது. அம்மாதம் 26ஆம் திகதி, லக்சபான தோட்டத்தின் மரக்கறிப் பாத்தியொன்றிலே, கம்பிச் சுருக்கில் கழுத்து அகப்பட்ட நிலையில் ஒரு கருஞ்சிறுத்தை காணப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்தார் அதனை மயக்கி மீட்டு, உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளித்தனர். எனினும் 29ஆம் திகதி அது உயிர் நீத்தது.

கருஞ்சிறுத்தை என்பது தனியொரு இனமன்று. நம் நாட்டுச் சிறுத்தையே அது. பிறவியில் வாய்த்த கருநிற மிகுதியால் உடல் கறுத்திருக்கும். நல்ல வெயிலிற் பார்த்தால் அந்தக் கறுப்பினுள்ளும் புள்ளிகள் மங்கலாய்த் தெரியும். இலங்கையில் இத்தகைய விலங்கு மிக அபூர்வம். உயிரோடு உலவியபோது அதனைக் கண்ணாற் கண்டவர் வெகு சிலரே. கம்பியில் மாட்டிய பின்னரோ, படங்கள் வாயிலாக நாடே கண்டது.

அரிய விலங்கைக் காண விரும்புவது மனித இயல்பு. கூண்டில் வைத்தேனும் அத்தகையவற்றை எல்லோருக்கும் காட்டலாகாதா என மாணவர் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் கடலின் பெரு வேட்டைக்காரனாகிய வெள்ளைச் சுறாவின் கதையை அறிதல் நன்று.

ஆறு மீற்றர் வரை வளரும் இச்சுறா ஓயாது முன்னோக்கி நீந்தினால்தான் அதன் செவுள்களினூடே நீர் பாய்ந்து மூச்சு நடக்கும். தொட்டியில் அடைத்தால் சுவரில் மோதும். இரை கொள்ள மறுக்கும். பலர் பலகாலம் முயன்றும், காட்சித் தொட்டியில் அது இரண்டொரு வாரம் தாண்டுவதே அரிதாயிருந்தது. 2004ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மொன்ரரே குடா மீன்காட்சிச்சாலையார் ஓர் இளம் பெண் சுறாவை 198 நாட்கள் வைத்துக் காட்டினர். சுமார் பத்து இலட்சம் பேர் அதனைக் கண்டனர். ஆயினும் அது உடனிருந்த சுறாக்களைத் தாக்கத் தொடங்கவே, 2005ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கடலில் விடப்பட்டது. 2011ஆம் ஆண்டில் வைத்திருந்த ஆறாவது சுறாவோடு அவர்கள் அம்முயற்சியை நிறுத்தினர். 2016ஆம் ஆண்டில் யப்பானின் ஒக்கினாவாவிலே மூன்றரை மீற்றர் நீளச் சுறாவொன்று தொட்டியில் விடப்பட்டு மூன்றே நாளில் மடிந்தது.

சிறுத்தை அவ்வாறன்று, கூண்டிலும் உயிர் வாழும். தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குச் சென்றோர் இதனை அறிவர். ஆனால் உயிர் வாழ்வது வேறு, தன் தொழிலைச் செய்வது வேறு. புலியும் சிங்கமும் காட்டில் இல்லாத இலங்கையிலே காட்டின் தலைமை வேட்டைக்காரன் சிறுத்தையே. காட்டுப்பன்றி, கேளையாடு, முள்ளம்பன்றி, குரங்கு ஆகியன அதன் இரை. மரக்கறிப் பாத்தியைக் கிளறி நாசமாக்கும் பன்றிக்கென்றே பெரும்பாலும் சுருக்குகள் வைக்கப்படுகின்றன. பன்றியைப் பிடிக்க வைத்த கம்பி, பன்றியைத் தின்னும் விலங்கையே கொன்றுவிடுகிறது. வேலியைக் காக்கப் போய்க் காவற்காரனை இழப்பது போன்றதே இது.

இதனைச் சொல்லும்போது தோட்டத்து மக்களின் அச்சத்தை நாம் மறந்துவிடலாகாது. கொழுந்து பறிக்கும் பெண்கள் சிறுத்தையாற் காயமுற்ற செய்திகள் மலைநாட்டிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கின்றன. காடு துண்டு துண்டாகிப் போனமையால், கவ்வாத்து வெட்டாத செடிகளின் மறைவிலும் ஓடைக்கரைப் புதர்களிலும் அது ஒதுங்குகிறது. சில வேளை குட்டிகளையும் அங்கே விட்டுச் செல்கிறது. நாட்சம்பளத்தை நம்பி அதிகாலையில் மலையேறும் தாயிடம், விலங்கின் மீது மாத்திரம் இரக்கங் காட்டும்படி சொல்வது நீதியன்று. லயங்களை அடுத்த புதர்களை வெட்டித் துப்புரவு செய்தலும், குப்பையை வெளியே கொட்டாதிருத்தலும், நாய்களை இரவில் கட்டிவைத்தலும், மலைக்குள் நுழையுமுன் ஓசை எழுப்புதலும் இரு சாராரையும் காக்கும். இவற்றுக்கான ஆளும் செலவும் தோட்ட நிருவாகங்களின் பொறுப்பாதல் வேண்டும்.

சிவனொளிபாதமலைக் காடு 2010ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தலத்தின் ஒரு பகுதியாயிற்று. அக்காட்டின் விளிம்பிலேதான் நம் தேயிலை மலைகள் தொடங்குகின்றன. சிறுத்தைக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. கம்பி வைக்கும் மனிதனுக்குத் தெரியும்.

விடுமுறையில் நல்லதண்ணிக்குச் செல்லும் பிள்ளைகள் அங்கே சிறுத்தையைக் காண்பது அரிது. ஈரமண்ணிற் பதிந்த காலடியொன்றை எவரேனும் காட்டுவாராயின் அதுவே பெரும் பேறு. காலையிலே புதுக் காலடி பதியும்வரை, அந்த விலங்கு மலையில் உயிரோடிருக்கிறது என்பது உறுதி. மூன்று நாள் கண்ணாடிக் காட்சியைக் காட்டிலும் இது மேலானதன்றோ?