அனுப்பினோம் என்றார்கள்

திருப்பூரில் டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் ஒரு சிறு கம்பெனிக்காக நடத்திய பண வழக்கு அது. சரக்கை எடுத்த சென்னை நிறுவனம் பாக்கியைத் தரவில்லை. பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு ஷரத்து: சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும், தவறினால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். சாயம் போகிறது என்று கெடுவுக்குள்ளேயே மெயில் போட்டுவிட்டோம் என்றது பிரதிவாதித் தரப்பு. ஆதாரம், ஒரு பிரிண்ட் அவுட்.

“பழனி முருகன் மேல சத்தியமுங்க சார், அப்படியொரு மெயிலு வரவே இல்லீங்க” என்றார் கட்சிக்காரர். நோட்டீஸ் வரவில்லை, சம்மன் வரவில்லை என்று தினமும் கேட்டுப் பழகிய காது என்னுடையது. அதனால் சத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு தம்பியை அழைத்துக்கொண்டு அவர் ஆபீஸுக்கே போனேன்.

தம்பி வரிசையாகப் பார்த்தான். ஸ்பாம், டிராஷ் இரண்டிலும் இல்லை. மெயிலைத் தானாக வேறு ஃபோல்டருக்குத் தள்ளும் விதி எதுவும் போட்டு வைக்கவில்லை. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரையும் விடவில்லை. பாப்-3 முறையில் அமைத்த மெயில் மென்பொருள் கடிதங்களை அந்தக் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொண்டு சர்வரில் இருப்பதை அழித்துவிடக்கூடும். பல ஆபீஸ்களில் ‘காணாமல் போன’ மெயில் அப்படித்தான் கிடைக்கும். இங்கே அதுவும் இல்லை.

பிறகுதான் இன்பாக்ஸைத் தேதிவாரியாக உருட்டச் சொன்னேன். தினமும் வந்து குவிகிற பெட்டியில், அந்த வாரம் மட்டும் சில நாட்களுக்கு ஒரு கடிதம்கூட இல்லை. மாதம் தவறாமல் வரும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் அந்த மாதம் காணோம். கணக்குப் பார்க்கும் பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான்: “பெட்டி நிறைஞ்சு போச்சுன்னு வந்துச்சுங்க சார். சாம்பிள் போட்டோவெல்லாம் நான்தான் அழிச்சு விட்டேன்.” ஏனப்பா முதலாளியிடம் சொல்லவில்லை என்றால், “அவரு கேக்கலீங்களே!”

பெட்டி நிறைந்திருந்தால் பெறுகிற சர்வர் கடிதத்தை ஏற்காது. 552 என்ற எண்ணோடு மறுக்கும். அல்லது 452 என்று சொல்லி, பிறகு வரச் சொல்லும். இரண்டாவது வகையில் அனுப்பும் சர்வர் சில நாள் முயன்றுவிட்டுக் கைவிடும். எதுவானாலும், கடிதம் சேரவில்லை என்ற பவுன்ஸ் தகவல் அனுப்பியவரின் பெட்டிக்கே போகும். எங்கள் பக்கத்து சர்வரின் லாக்கை, அதாவது வரவுப் பதிவை, கேட்டால், அவ்வளவு பழைய லாக் வைத்திருப்பதில்லை என்று மெயில் சேவைக்காரர்கள் கை விரித்தார்கள். ஆக, எங்களுக்கு வேண்டிய சாட்சி எதிராளியின் பெட்டிக்குள் இருந்தது.

வணிக நீதிமன்றங்கள் சட்டம், 2015 வந்த பிறகு, வணிக வழக்குகளில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 11-க்குப் பல் முளைத்துவிட்டது. தனக்குப் பாதகமான ஆவணத்தையும் தரப்பினர் வெளிப்படுத்தியாக வேண்டும். அந்த மெயில் அனுப்பிய நாள் தொடங்கி அடுத்த சில நாட்களுக்கு அந்த முகவரிக்கு வந்த எல்லாத் தகவலையும், அச்சாக அல்ல, தலைப்பு விவரத்தோடு கோப்பாகவே தாக்கல் செய்ய உத்தரவிடக் கேட்டு மனுப் போட்டேன். சென்ட் ஃபோல்டர் பிரிண்ட் அவுட் கடிதம் சேர்ந்ததை நிரூபிக்காது. அது அனுப்பியவர் தனக்கென்று வைத்துக்கொண்ட நகல். சேர்ந்த கடிதத்தில் எந்தெந்த சர்வர் எத்தனை மணிக்கு வாங்கியது என்று கீழிருந்து மேலாக வரிகள் ஏறியிருக்கும். இந்த நகலில் பொதுவாக அவை இருப்பதில்லை.

மனு அனுமதிக்கப்பட்டது. மின்பதிவுகளுக்கு அன்று இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட சான்றிதழோடு வந்த கோப்புகளுக்கு நடுவே அந்த பவுன்ஸ் இருந்தது: அனுப்பியவர் பெயர் மெயிலர் டீமன், அதாவது மெயில் சர்வரே; உள்ளே 552, பெட்டி நிறைந்துவிட்டது என்ற ஒரு வரி. மெயில் புறப்பட்ட அதே நிமிடத்தில் திரும்பியிருந்தது. குறுக்கு விசாரணையில் அவர்களுடைய மேலாளரிடம் நான் அதிகம் கேட்கவில்லை. இதைப் பார்த்தீர்களா? பார்த்தேன். பர்ச்சேஸ் ஆர்டரில் வாதியின் செல்போன் எண் இருக்கிறதா? இருக்கிறது. கூப்பிட்டீர்களா? பதில் இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் சீனியர், லேசுப்பட்டவர் அல்ல. பெட்டியை நிரப்பி வைத்தது வாதியின் அலட்சியம், சரியான முகவரிக்குப் பதிவுத் தபால் போட்டால் சேர்ந்ததாகக் கொள்ளும் பொது உறுப்புகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவைப்போல இதையும் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். நல்ல வாதம்தான். ஆனால் மின்னஞ்சலுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 13: பெறுபவர் குறிப்பிட்டுக் கொடுத்த கணினி அமைப்புக்குள் மின்பதிவு நுழையும்போதுதான் அது பெறப்பட்டதாகும். தரப்பினர் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறு. இவர்கள் ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை. வாசலில் நின்று திரும்பியதை நுழைந்ததாகச் சொல்ல முடியாது, அதுவும் திரும்பியது தெரிந்தே சும்மா இருந்தவர் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். பாக்கித் தொகைக்கு வட்டியோடு டிக்ரி ஆனது.

ஆனால் அந்த மெயில் உள்ளே நுழைந்து, ஸ்பாமில் படிக்கப்படாமல் கிடந்திருந்தால், என் கட்சிக்காரரின் சத்தியம் அவரைக் காப்பாற்றியிருக்காது. அந்த ஷரத்தைப் பிடித்து நாங்கள் வாதாடியிருக்கவே முடியாது.

1-7-2024 முதல் 65பி-யின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு வந்திருக்கிறது. சான்றிதழில் நிபுணர் கையெழுத்திடும் பகுதியும் சேர்ந்துவிட்டது. எனவே மெயில் தகராறு என்று தெரிந்தவுடன் பெட்டியில் எதையும் அழிக்காதீர்கள். சர்வர் லாக்கை எழுத்துமூலம் அன்றைக்கே கேட்டு வையுங்கள். வக்கீலைப் பார்க்க வரும்போது, கணக்குப் பார்க்கும் பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.