இது எங்கை போகும், மோனை?

முதலில் நடந்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். கடைசியில் சொன்னால் நல்ல பிள்ளைகள் மாதிரித் தெரிவோம்.

நாங்கள் நாலு பேர். கலைப்பீடம், இறுதி வருடம். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்ட குடும்பங்களின் கதைகளைப் பதிவுசெய்வதுதான் எங்கள் குழுவேலை. குரலைப் பதிவதோடு, அவர்கள் காவிக்கொண்டு திரிந்த கடதாசிகளையும் படம் எடுத்தோம். நிவாரண அட்டை, பள்ளிக்கூடச் சான்றிதழ், கலியாணப் படம், காணி உறுதி. காணி போனாலும் உறுதி போகாமல் பார்த்துக்கொண்ட சனம் இது.

மயிலிட்டி ஆச்சி ஒருவரின் வீட்டில் அப்படி ஒரு உறுதி கிடைத்தது. ரங்குப்பெட்டிக்குள், பழைய கூறைச்சீலைக்குள், சொப்பின் பையால் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்திருந்தா. 90இல் வெளிக்கிட்டபோதும் கையில் இருந்தது. 95 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது மழைக்கு நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனதாம். 2017 ஆடியில் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டார்கள். ஆச்சியின் காணி அப்போது வேலிக்கு அந்தப்பக்கம்தான் நின்றது. நாங்கள் 11 பக்கங்களையும் போனில் படம் எடுத்தோம். பெட்டியைப் பூட்டிக்கொண்டே கேட்டா:

"இது எங்கை போகும், மோனை?"

"கொம்பியூட்டருக்குள்ள ஆச்சி. பத்திரமா இருக்கும்."

அன்றிரவு எங்களில் ஒராள் அந்த 11 படங்களையும் எங்கள் நாலு பேரின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப வெளிக்கிட்டு, முழு பட்சின் குழுவுக்கும் அனுப்பிவிட்டார். உறுதி இலக்கம், நாலு எல்லை, அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் எல்லாம் அதற்குள். ஏழு நிமிசம் கழித்துத்தான் கண்டோம். 'எல்லாருக்கும் அழி' எண்டதை அமத்தினோம். ஆனால் எத்தனை போனில் படங்கள் தானாக இறங்கியிருக்கும்? யார் கணக்கெடுப்பது?

கள்ள உறுதி எழுதி வெளிநாட்டுக்காரரின் வளவை வித்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் 'சின்ன விசயம், விடு' எண்டு ஒருவரும் சொல்லவில்லை. அடுத்தநாள் காலமை ஆச்சியிடம் போய்ச் சொன்னோம். பேசுவா எண்டு நினைச்சம். பேசவில்லை. தேத்தண்ணி போட்டுத் தந்திட்டு ஒரு வசனம்தான் சொன்னா:

"நான் பெட்டியைப் பூட்டித்தானே வைச்சிருந்தனான்."

அதுக்குப் பிறகு இரண்டு கிழமை ஒருவரும் பதிவுக்குப் போகவில்லை.

எங்கள் சேகரிப்பைத் தன் சேர்வரில் வைத்துப் பராமரிப்பவர் ரொறொன்ரோவில் இருக்கும் ஒரு அண்ணை. அதுவரை அவருக்குக் கோப்புகளை அனுப்பிய விதத்தையும் சொல்லவேணும். பெரிய ஒலிக்கோப்புகளை ஒரு மேகச் சேமிப்பில் ஏற்றி, 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' எண்டு விட்டு, அந்த இணைப்பை அவருக்கு அனுப்புவோம். படங்கள் வட்ஸ்அப்பில் போகும். வட்ஸ்அப் படத்தை நசித்து அனுப்பும்; உறுதியிலுள்ள பழைய மைக் கையெழுத்து மறுபக்கம் போய்ச் சேரும்போது பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும். இவ்வளவும் தெரிஞ்சும் அப்படித்தான் செய்தோம், ஏனெண்டால் சுகம்.

நடந்ததைக் கேட்ட அண்ணை, "எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. இனி எஸ்எஃப்டிபியாலதான் வரவேணும்" எண்டார். எங்களுக்கு அது ஏதோ பரீட்சைப் பெயர் மாதிரிக் கேட்டது.

எங்களோடு படித்த நண்பன் ஒருவன் இப்போது கிளிநொச்சி அறிவியல்நகரில், எங்கள் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில். சனிக்கிழமை பஸ் ஏறி லப்டொப்போடு வந்தான். முதல் அரை மணித்தியாலம் சரித்திரம்தான் சொன்னான். கலைப்பீடத்துக்காரருக்கு அப்படிச் சொன்னால்தான் ஏறும் எண்டு நினைத்திருப்பான், பிழையில்லை.

கோப்பு அனுப்பும் நெறிமுறையான எஃப்டிபியை 1971 சித்திரையில் முதலில் எழுதிவைத்தவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்து வெளியேறி, அப்போது அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தவர். அந்தக் காலத்து வலையமைப்பு ஒரு சின்ன ஊர் மாதிரி, ஆளை ஆள் தெரியும். அதனால் எஃப்டிபியில் பெயரும் கடவுச்சொல்லும் மறைப்பில்லாமல் அப்படியே போகும். வழியில் காது வைத்தவனுக்கு எல்லாம் கேட்கும். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ அப்படிக் காது வைத்துக் கடவுச்சொற்களைப் பிடித்தார்கள். அங்கிருந்த தாத்து உலோனன் எண்ட ஆய்வாளர் அந்த எரிச்சலில் எழுதியதுதான் எஸ்எஸ்எச், மறைப்பிட்ட ஒரு குழாய். அந்தக் குழாய்க்குள்ளால் கோப்பை அனுப்புவது எஸ்எஃப்டிபி. (பெயரைப் பார்த்து எஃப்டிபிக்கு 'எஸ்' பூட்டினது எண்டு நினைத்தோம். இல்லையாம், வேறை சாதி. எஃப்டிபிக்கே மறைப்புப் போர்வை போர்த்தினால் அது எஃப்டிபிஎஸ். பெயர் வைத்தவர்களுக்கு ஆரும் நல்லாய் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கவேணும்.) 2021இல் குரோமும் பயர்பொக்ஸும் பழைய எஃப்டிபியைக் கழற்றிவிட்டன. ஐம்பது வருசம் ஓடியிருக்கிறது.

பிறகு அவன் தன் பாட நிரலைக் காட்டினான். பலரினா எண்ட மொழி. இதை உருவாக்கியது டபிள்யூஎஸ்ஓடூ, சஞ்சீவ வீரவரணவும் மற்றவர்களும் 2005இல் தொடங்கிய நிறுவனம். அதன் வேலையில் பெரும்பங்கு கொழும்பில் நடக்கிறது. மொழியின் 1.0 பதிப்பு 2019 புரட்டாதியில் வந்தது. மேகக் கணினிகளில் ஓடும் சேவைகளை ஒன்றோடொன்று கொழுவுவதற்கெண்டே செய்த மொழி. திறந்த மூலம், ஆரும் வாசிக்கலாம், ஆரும் திருத்தம் அனுப்பலாம். மேகம் எண்டால் அமெரிக்காவில் எங்கேயோ செய்வது எண்டு நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அதன் ஒரு துண்டு காலமை ரெயில் ஏறினால் பின்னேரம் போய்ச் சேரக்கூடிய இடத்தில் செய்யப்படுவது புதினமாய் இருந்தது.

அந்த மொழியோடு வரும் தொகுப்பை நிரலாளர்கள் நூலகம் எண்டுதான் சொல்கிறார்கள். (யாழ்ப்பாணத்தில் நூலகம் எண்ட சொல் வந்தால் 1981க்குப் போகாமல் கட்டுரை திரும்பி வராது. இந்த ஒருமுறை விடுகிறோம்.) அந்த நூலகத்தில் கோப்புப் பரிமாற்றத்துக்கு ஒரு தொகுதி இருக்கிறது. எஃப்டிபி, எஸ்எஃப்டிபி இரண்டுக்கும் அதுவே இணைப்பி. இணைப்பி எண்டால் வேறொன்றுமில்லை. மற்றப் பக்கத்துச் சேர்வரோடு எப்படிக் கதைக்கவேணும், எந்த ஒழுங்கில் கதைக்கவேணும், இடையில் அறுந்தால் என்ன செய்யவேணும் எண்டதை ஒருவர் ஒருமுறை எழுதிவைக்க, மற்றவர்கள் பத்துப் பதினைந்து வரியில் எடுத்துப் பாவிப்பது. கோப்பை ஏற்றலாம், இறக்கலாம், பெயர் மாற்றலாம். ஒரு அடைவில் புதுக்கோப்பு வந்திருக்கா எண்டு குறித்த இடைவெளிக்கு ஒருக்கால் எட்டிப்பார்க்கும் ஆளையும் வைக்கலாம். கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் திறப்புக் கோப்பைக் கொடுக்கலாம்.

இந்தத் திறப்பு விசயத்தில்தான் நாங்கள் கூட நேரம் நின்றோம்.

கணினியில் ஒரு சோடி செய்கிறோம். ஒன்று பொது, மற்றது தனி. பொதுவானதை அண்ணைக்கு அனுப்பினோம். அதை ஊருக்கே காட்டலாம், அது பூட்டு மாதிரி. தனியானது எங்கள் லப்டொப்பை விட்டு ஒருக்காலும் வெளிக்கிடாது, அதுதான் திறப்பு. சேர்வர் ஒரு புதிர் மாதிரிக் கேட்கும். திறப்பு வைத்திருப்பவனால் மட்டும் அதுக்குக் கையொப்பம் வைக்கமுடியும். கையொப்பம்தான் போகிறது, திறப்புப் போவதில்லை. வழியில் காது வைப்பவனுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் நாங்கள் ஆர் எண்டு சேர்வர் கேட்பதுபோல, சேர்வர் ஆர் எண்டு நாங்களும் கேட்கவேணும். இதை நாங்கள் யோசித்திருக்கவே இல்லை. முதல்முறை தொடுக்கும்போது திரையில் ஒரு எச்சரிக்கை வருகிறது: இந்தச் சேர்வரை உறுதிப்படுத்தமுடியவில்லை, இதன் கைரேகை இது, தொடரவா? நண்பன் இணையத்தில் பார்த்து எழுதிய நிரலில் இந்தக் கேள்வியே வராதபடி ஒரு வரி இருந்தது. சோதனையை 'வேண்டாம்' எண்டு விட்ட வரி. இப்படியான பல நூலகங்களில் அந்த வசதி இருக்கிறது, அவசரக்காரர் அதைத்தான் முதல் பாவிக்கினம். வாசலில் நிக்கிறது ஆரெண்டு கேக்காமல் கேற்றைத் திறந்துவிடுகிற வேலை. நாங்கள் வாசித்தவரையில், இணைப்பி எழுதுபவர்களுக்கு மறைப்பிடும் கணக்கு பெரிய தலையிடி இல்லை. அதை முன்னமே ஆரோ செய்து வைத்திருக்கிறார்கள். பாவிப்பவன் சோம்பேறியாய் இருக்கும்போதும் பாதுகாப்பு நிக்கவேணும் எண்டதுதான் கஷ்டம். வட்ஸ்அப்பில் 11 படத்தை விட்ட எங்களை விட இதுக்கு ஆர் நல்ல உதாரணம்?

அந்த வரியை அழித்தோம். அண்ணைக்குக் கோல் எடுத்தோம். அங்கை விடியப்புறம். அவர் சேர்வரின் கைரேகையை வாசிக்க, நாங்கள் திரையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாய்ச் சரிபிடித்தோம். 43 எழுத்து. "பெரிய கே. சின்ன எம். ஏழு. பெரிய கியூ..." நடுவில் ஒருக்கால் லைன் விட்டுப்போய் முதலிலிருந்து தொடங்கினோம். அண்ணையின் கொட்டாவி எங்களுக்குக் கேட்டது. எங்களுக்குத் தெரிந்த குரல் எண்டபடியால்தான் அந்தச் சோதனைக்குப் பெறுமதி. கணினிப் பாதுகாப்பில் இப்படி ஒரு கிராமத்து வழி இன்னும் இருக்குதே எண்டு எங்களுக்கு ஒரு சந்தோசம்.

அனுப்பத் தொடங்கினோம். அதிலும் ஒரு இடி. 48 நிமிசப் பதிவொன்று பாதிவழியில் இருக்கும்போது கரண்ட் போய் ரவுட்டர் படுத்தது. அந்த நேரம் பார்த்து அண்ணையின் பக்கத்தில் அடைவை எட்டிப்பார்க்கும் நிரல் பாதிக்கோப்பை முழுக்கோப்பு எண்டு நினைத்து எடுத்து, பட்டியலில் போட்டுவிட்டது. 19 நிமிசத்தோடு ஒரு ஐயாவின் கதை அறுந்து நின்றது. அது குழாயின் பிழையில்லை. பாதுகாப்பாய்ப் போவதும் முழுதாய்ப் போவதும் வேறை வேறை. அண்ணை சொன்ன தீர்வு சிம்பிள்: கோப்பை ஒரு தற்காலிகப் பெயரில் ஏற்றவேணும், முழுக்கப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உண்மைப் பெயரை வைக்கவேணும், உண்மைப் பெயர் உள்ளதை மட்டும்தான் எட்டிப்பார்க்கிறவர் தொடலாம். இரண்டு பக்கமும் கோப்பின் எண்சுருக்கத்தைக் கணக்கிட்டு, அந்த 64 எழுத்தும் ஒன்றாய் வந்தால் சரி. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் பரீட்சைக்குப் படித்த எங்களுக்கு, 'பாதியில் நிக்கும்' எண்டு நினைத்தே திட்டமிடும் இந்த முறை நல்லாய்ப் பிடித்தது.

மூன்று இரவில் 214 கோப்புகள் போயின. மேகச் சேமிப்பிலிருந்த பழைய இணைப்புகளை ஒவ்வொன்றாய் மூடினோம். பட்ச் குழுவிலிருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதி, அந்த 11 படங்களை அழிக்கச் சொல்லிக் கேட்டோம். சிலர் உடனே அழித்துவிட்டுத் திரைப்படம் அனுப்பினார்கள். சிலர் பார்த்ததுக்கான நீலச் சரி மட்டும். அதை எந்த நூலகமும் எந்த இணைப்பியும் திருத்தித் தராது.

போன ஞாயிறு ஆச்சியிடம் திரும்பப் போனோம். படம் எடுக்க இல்லை, சும்மா. என்ன செய்தோம் எண்டு சொல்லவேணும்போல இருந்தது. சேர்வர், மறைப்பு எண்டெல்லாம் சொல்லாமல் பூட்டு, திறப்பு எண்டு சொல்லிப்பார்த்தோம். பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டா.

"அப்ப பூட்டு கனடாவிலயோ?"

"ஓம் ஆச்சி."

"திறப்பு?"

"எங்களிட்ட."

"ஒண்டுதானோ?"

நாங்கள் ஆளையாள் பார்த்தோம். ஒன்றுதான். எங்களில் ஒராளின் லப்டொப்பில், அந்த லப்டொப்பும் ஏற்கனவே ஒருக்கால் விழுந்து மூலை உடைந்தது.

"துலைச்சுக்கிலைச்சுப் போடாதேங்கோ" எண்டு போட்டு, ரங்குப்பெட்டித் திறப்பை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினா. அதின்ரை மற்றத் திறப்பு கொடிகாமத்தில் தங்கச்சி வீட்டில் இருக்குதாம், 95இலிருந்து.

பெட்டி அன்று திறக்கப்படவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வரும் வழியில் தட்டாதெருச் சந்தி மட்டும் ஒரே சண்டை: இரண்டாவது திறப்பை ஆர் வீட்டில் வைப்பது, அதுக்கு வைக்கும் கடவுச்சொல்லை எந்தக் கொப்பியில் எழுதுவது எண்டு.