அணி அளத்தல்

அணி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குதல் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய எம்மனோரின் வழக்கம். ஈண்டு யாம் கூறப்புகுந்தது அவ்வணியன்று. மட்டை ஏந்தி நிற்கும் அணி. ஆட்டப் பருவம் தொடங்குதற்கு முன்னரே, இன்ன அணி வலிது, இன்ன அணி மெலிது, கோப்பை இன்னார்க்கே என்று நாளிதழ்களில் முன்னோக்குக் கட்டுரைகள் வெளிவருகின்றனவன்றோ? அவற்றை வாசிப்பதில் எமக்குச் சிறுபருவந்தொட்டே பெருவிருப்பம். வாசித்து வாசித்து எம் உள்ளத்தே ஒரு வழக்கு முளைத்தது. இறகுப்பந்து லீக்கின் அணிகளை அளக்கப் புகுவோர், ஒற்றையர் ஆட்டத்தில் பெயர்பெற்ற ஒருவரையே கோலாகக் கொண்டு அளக்கின்றனர். வெற்றியை முடித்துக் கொடுப்பவரோ பலகாலும் அக்கோலுக்கு அகப்படாதவராய் இருக்கின்றார். இதுவே எம் வழக்கு.

இதனை எமக்கு முதலிற் கற்பித்தது கடலூர்க் காற்று. தேவனாம்பட்டினத்துக் கரையில் மாலை நான்கு மணிக்கு மேல் ஷட்டிலை அடித்துப் பார்த்தவர் அறிவர். அது வலையைக் கடந்து எதிரியிடம் செல்லாது. பழைய கோட்டை இடிபாட்டுப் பக்கமாகப் பறந்துவிடும். பின்னே ஓடிப் பொறுக்கி வருதலே ஆட்டமாய் முடியும். ஆகலின் எம்மூர்ச் சிறுவர் கைக்கொண்டது பூப்பந்து. மஞ்சள் நிறக் கம்பளி நூலாற் சுற்றிய அச்சிறு பந்து காற்றுக்கு எளிதில் இடங்கொடாது. தஞ்சையில் அரச குடும்பத்தினரிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய ஆட்டம் இஃது என்பர். இதற்குப் புறத்துக்கு ஐவர். முன்னிருவர், நடுவொருவர், பின்னிருவர் என நிற்பர். பின்னிடத்தான் சோர்ந்தால் முன்னிடத்தான் எத்துணை வல்லவனாயினும் பயனில்லை; எதிரிகள் சோர்ந்த மூலையையே தேடித் தேடி அடிப்பர். ஐந்தாமவன் யார் என்று கேளாமல் எவ்வணியையும் எம்மூரில் யாரும் மதிப்பிடுவதில்லை.

இக்கண்கொண்டு பெரிய லீக்கை நோக்கியபோது எமக்கு வியப்பே மிகுந்தது. 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்திய பாட்மின்டன் லீக் என்னும் பெயரால் ஆறு அணிகளுடன் அது முதன்முதல் நடைபெற்றது. அப்பொழுது யாம் எழுத்துக் கூட்டி வாசிக்கவும் அறியாதவர். பின்னாளிற் பழைய இதழ்களைப் புரட்டியே அதன் வரலாற்றை அறிந்தோம். வீரரை ஏலத்தில் எடுத்தனர். மலேயாவின் லீ சோங் வெய்யை 135,000 டாலருக்கு மும்பையார் கொண்டனர். சாய்னா நேவாலை 120,000 டாலருக்கு ஐதராபாத்தார் கொண்டனர். மற்றொருபுறம் நிகழ்ந்ததைக் காண்மின்! மகளிர் இரட்டையர் ஆட்டத்தை நிரலினின்றும் நீக்கிவிட்டனர். அவ்வாட்டத்தில் 2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டியிற் பொன்னும், 2011-ஆம் ஆண்டு உலகப் போட்டியில் வெண்கலமும் வென்ற ஜுவாலா கட்டாவும் அசுவினி பொன்னப்பாவும் அடிப்படை விலையாகிய 50,000 டாலருக்கும் கீழே, முறையே 31,000 டாலருக்கும் 25,000 டாலருக்கும் போயினர். இருவரும் தம் மனக்குறையை வெளிப்படையாகவே கூறினர். குறைபடாமல் யாது செய்வர்? விலை குறைந்ததிலும், தாம் வல்ல ஆட்டம் ஓர் ஆட்டமாகவே எண்ணப்படாமற் போனதே பெரிய புண் என்று எமக்குத் தோன்றுகிறது. அவ்வாண்டு மிகுவிலை கொடுத்த மும்பை இறுதியை எட்டவில்லை. ஐதராபாத்து ஆகஸ்டு 31-ஆம் நாள் அவதை 3-1 என வென்று கோப்பை கொண்டது.

பின்னர் 2016-இல் பிரீமியர் பாட்மின்டன் லீக் என்னும் புதுப்பெயரோடு அப்போட்டி மீண்டும் எழுந்தது. 2017-ஆம் ஆண்டுச் சனவரியில் சிந்து ஆடிய சென்னை அணி மும்பையை 4-3 என வென்றபொழுது எம் தெருவில் வெடி வெடித்தவரும் உண்டு. அவ்வணியில் இங்கிலாந்தின் ஆட்காக் தம்பதியர் கலப்பு இரட்டையர் ஆடினர் என்பதை வெடி வெடித்தவருள் எத்துணை பேர் அறிந்திருந்தனரோ!

லீக்கின் விதியைச் சிறிது விளக்குதல் வேண்டும். இரண்டு அணிகள் மோதும்போது ஐந்து ஆட்டங்கள் நடைபெறும். ஆடவர் ஒற்றையர் இரண்டு, மகளிர் ஒற்றையர் ஒன்று, ஆடவர் இரட்டையர் ஒன்று, கலப்பு இரட்டையர் ஒன்று. வென்ற ஆட்டத்திற்கு ஒரு புள்ளி. அன்றியும் ஒவ்வோரணியும் ஓராட்டத்தைத் தன் துருப்பாட்டம் என்று முன்னரே அறிவித்துவிடல் வேண்டும். சீட்டாட்டத்துத் துருப்பைப் போன்றதே இதுவும். துருப்பில் வென்றால் இரண்டு புள்ளி. தோற்றாலோ கையிலுள்ளதில் ஒன்று கழியும். ஆகவே தலைசிறந்த வீராங்கனை தம் ஆட்டத்தைத் தவறாது வென்று கொடுத்தாலும் அது ஐந்தில் ஒன்றே. அதனைத் துருப்பாக்கினால் இரண்டு புள்ளி கிட்டும். ஆயின் எதிரணி வேறோர் ஆட்டத்தைத் துருப்பாக்கி அவ்விரண்டையும் ஈடுசெய்துவிடும். கணக்கு இத்துணைத் தெளிவாயிருக்க, முன்னோக்கு எழுதுவோர் ஏன் முதற்பத்தி முழுவதையும் ஒருவர் பெயருக்கே செலவிடுகின்றனர் என்பது விளங்கவில்லை. படத்திற்கு முகம் வேண்டும் என்பது காரணமாகலாம்.

2020-ஆம் ஆண்டுப் பருவத்தை யாம் நன்கு நினைவிற் கொண்டிருக்கின்றோம். அப்பொழுது பள்ளிச் சிறுவர் யாம். அணிகள் ஏழினையும் பழைய கணக்கு நோட்டில் பக்கத்திற்கு ஒன்றாக எழுதி வைத்தோம். ஓரணிக்கு இரண்டு கோடி உரூபாய்க்குமேற் செலவிடலாகாது, ஒருவருக்கு 77 இலட்சத்திற்குமேற் கொடுக்கலாகாது என்று ஏலத்தில் வரம்பு கட்டியிருந்தனர். அவ்வுச்ச விலையைப் பெற்றவர் இருவர். முந்தைய ஆண்டு பாசெலில் உலகப் பட்டம் வென்ற சிந்துவை ஐதராபாத்தும், நெடுநாள் உலகின் முதலிடத்தில் வீற்றிருந்த தைவான் நாட்டுத் தை சூ யிங்கைப் பெங்களூரும் தக்கவைத்துக்கொண்டன. இதழ்களெல்லாம் இவ்விருவர் பெயரையே முழங்கின.

சென்னையின் போக்கு வேறாயிருந்தது. அவ்வணியினர் 62 இலட்சம் கொடுத்து எடுத்தவர் சாத்விக் சாயிராஜ், இரட்டையர் ஆட்டக்காரர்! இளைஞர் லட்சியா சென் 36 இலட்சத்திற்கும், பதினாறு வயதுச் சிறுமியாயிருந்த காயத்ரி கோபிசந்த் 10 இலட்சத்திற்கும் அவ்வணிக்கு வந்தனர். சென்னையார் கணக்கறிந்தவர் என்று எம் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டோம். ஊர்ப்பற்றும் அதிற் சிறிது கலந்திருக்கும் என்பதை மறைப்பானேன்? ஆயினும் ஒன்று எமக்குப் பிடிக்கவில்லை. சாத்விக்கும் சிராக் ஷெட்டியும் இணைந்து 2019-இல் தாய்லாந்து ஓபன் பட்டத்தை வென்றவர். லீக்கிலோ ஒருவர் சென்னைக்கும் மற்றவர் புனேக்கும் போயினர். இரட்டையரைத் தனித்தனியே விலை கூறுதல், வண்டிமாட்டில் ஒற்றை மாட்டை விற்பது போலும் என்று எம் தந்தையார் நகைத்தார். ஏனைய அணிகளைப் பற்றி யாம் எழுதியவை ஈண்டு எடுத்துரைக்கத் தக்கனவல்ல.

பிப்ரவரி 9-ஆம் நாள் ஐதராபாத்தில் இறுதிப் போட்டி நிகழ்ந்தபோது களத்தில் நின்றவை பெங்களூரும் வடகிழக்கு அணியும். முதல் ஆட்டத்தில் பெங்களூரின் சாயி பிரணீத் வென்றார். அடுத்து ஆடவர் இரட்டையர். அது வடகிழக்கின் துருப்பு. கொரியாவின் லீ யோங் டேயும் தாய்லாந்தின் போதின் இசாராவும் அதனை வென்று இரண்டு புள்ளி கொண்டனர். பின்னர்த் தை சூ யிங் கனடாவின் மிச்செல் லீயை வென்றார். கணக்கு 2-2 என நின்றது. 77 இலட்சம் தன் பணியைக் குறைவறச் செய்துவிட்டது. ஆயினும் கோப்பை இன்னும் எவர் கையிலும் இல்லை! அடுத்து வந்தது கலப்பு இரட்டையர், பெங்களூரின் துருப்பு. மலேயாவின் சான் பெங் சூனும் கொரியாவின் ஓம் ஹே வோனும் களம் புகுந்தனர். முதற்கேம் 15-14 என அவர்க்கு, இரண்டாவது 14-15 என எதிரிகளுக்கு, மூன்றாவது 15-12. அவ்வளவில் 4-2 எனப் போட்டி முடிந்தது. ஐந்தாம் ஆட்டத்திற்கு வேலையில்லை. தொடர்ந்து இரண்டாம் முறை கோப்பை பெங்களூருக்குச் சென்றது. சான் பெங் சூன் 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையரில் வெள்ளி வென்றவர். யாம் கண்ட முன்னோக்கு எதிலும் அவர் பெயர் முதற்பத்தியில் இல்லை.

அடுத்த மாதமே பெருந்தொற்று நாட்டை அடைத்தது. 2021-இலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் அந்த லீக் நடைபெறவில்லை. எம் நோட்டின் பிற்பக்கங்கள் வெறுமையாய்க் கிடந்தன.

வேறோர் களத்தில் எம் வழக்குக்குச் சான்று கிடைத்தது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் பாங்காக்கில் இந்தியா தாமஸ் கோப்பையை முதன்முதல் வென்றது. அங்கும் ஐந்து ஆட்டங்களே. ஒற்றையர் மூன்று, இரட்டையர் இரண்டு. மலேயாவோடும் டென்மார்க்கோடும் ஆடியபோது இந்தியா 3-2 என்றே தப்பியது. அவ்விரு நாளிலும் முதல் ஆட்டத்திற் சென் தோற்றார். சாத்விக்கும் சிராக்கும் வென்று அணியை நிமிர்த்தினர். ஐந்தாம் ஆட்டத்தில் பிரணாய் வென்று முடித்தார். இந்தோனேசியாவோடு ஆடிய இறுதியிற் பிரணாய் மட்டையைத் தொடவே வேண்டியிராமல் 3-0 எனக் கோப்பை வந்தது. சாத்விக் சிராக் இணையர் 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் உலகின் முதலிடத்தை அடைந்தனர். பத்து இலட்சச் சிறுமி காயத்ரியோ இரட்டையர்க்கு மாறி, திரீசா ஜாலியுடன் 2022, 2023 ஆகிய இரண்டாண்டும் ஆல் இங்கிலாந்துப் போட்டியின் அரையிறுதிவரை சென்றார்.

இவ்வளவும் யாம் வேடிக்கைக்காக எழுதுகின்றோம் என்று வாசகர் எண்ணலாகாது. எம் தோழர் ஒருவர் உளர். தேவனாம்பட்டினத்துப் பரதவர் குடியினர். பூப்பந்தில் பின்னிடத்து நின்று வளர்ந்தவர். உள்ளரங்கு ஒன்றில் ஆட இடம் வாய்த்தபின் இறகுப்பந்திலும் இரட்டையரையே விரும்பிப் பயின்றார். தோளோடு தோள் நிற்பவன் எப்பக்கம் அசைவான் என்பதைப் பாராமலே அறிவார். தனித்து நின்றால் நடுத்தரமான ஆட்டக்காரர்தான். அதனை அவரே சொல்வார். ஈராண்டுக்கு முன் சிதம்பரத்தில் அணித் தேர்வு ஒன்று நடந்தது. ஒற்றையர் ஆட்டமொன்றை மட்டும் ஆடவிட்டு, வென்றவர் பெயர்களை மேலிருந்து கீழாக எழுதி, அவ்வரிசையில் முதல் ஐவரைத் தேர்ந்தனர். தோழர் ஒன்பதாமவர்.

“ஐயா, இரட்டையர்க்குத் தனியே தேர்வு உண்டா?” என்று அவர் பணிவோடு வினவினார்.

“ஒற்றையரில் வல்லவனே தம்பி இரட்டையரிலும் வல்லவன்” என்று விடை வந்தது.

மீண்டு வரும் புகைவண்டியிற் கிள்ளை கடந்து, பரங்கிப்பேட்டை கடந்து, ஆலப்பாக்கம் வரையில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. தேர்ந்தெடுத்த அணி முதற்சுற்றிலேயே இரட்டையர் ஆட்டத்தை இழந்து திரும்பியது. அச்செய்தியை அவரிடம் உரைத்தபோது அவர் மகிழ்ந்தாரில்லை. “அவங்க ரெண்டு பேரும் ஒரு நாள்கூடச் சேர்ந்து ஆடினதில்லையே, பாவம்” என்று மட்டும் சொல்லி அகன்றார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓரிடம் கிடைத்தால் மேற்படிப்புக்குப் போகலாம், இல்லையேல் தமையனோடு படகேற வேண்டியதே என்னும் நிலை அவருடையது. ஏலத்தில் விலை குறைந்த இரட்டையரும் எம்மூர்த் தோழரும் எமக்கு ஒரே வரியில் நிற்பது இதனாலேயே.

லீக் எப்பொழுதேனும் மீண்டும் எழுமாயின், யாம் அணிகளை நோக்கும் முறை இது. முதலிற் கலப்பு இரட்டையர் யார், அவர் முன்னர் இணைந்து ஆடியவரா என்று காண்போம். அடுத்து இரண்டாம் ஒற்றையர் வீரரின் உடல்நிலை எத்தகையது என்று வினவுவோம். மூன்றாவதாக, எவ்வாட்டத்தைத் துருப்பாக்கும் துணிவு அவ்வணிக்கு உண்டு என்று ஆராய்வோம். உச்ச விலை பெற்றவர் பெயரைக் கடைசிப் பத்தியில் எழுதினாலும் அவர் புகழுக்கு யாதொரு குறைவும் வாராது.

தேர்வு இவ்வாண்டும் சிதம்பரத்திலேதான், தை மாதத்தில். இம்முறை இரட்டையர் தனியே இணையராய்ப் பெயர் கொடுக்கலாம் என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கின்றனர். தோழரும் பண்ருட்டியைச் சேர்ந்த அவர் இணையாட்டக்காரரும் நான்கு மாதமாக நாள்தோறும் விடியற்காலையில் ஒன்றாக ஆடி வருகின்றனர். பெயர்ப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் யாமே. தோழரின் கையெழுத்து அத்துணைக் கோணல்.