டீசல் நோட்டும் தொப்பூர் இறக்கமும்

போன மாதம் தர்மபுரியில் ஒரு வளைகாப்பு. முடித்துவிட்டுச் சேலம் திரும்பும்போது பையன் கார் ஓட்டினான், நான் முன்சீட்டில். பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வரிசையாக எச்சரிக்கைப் பலகைகள். நியூட்ரலில் இறக்காதீர்கள், கியரில் வாருங்கள் என்று.

"ஏனுங்கப்பா, இத்தனை எழுதி வெச்சும் லாரிக்காரங்க நியூட்ரல்லதான் எறக்கறாங்களாமா? உசுரு மேல ஆசையே இல்லீங்களா?" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் 1988 முதல் 23 வருடம் கணக்கு எழுதியவன் நான். டிரிப் ஷீட், வாடகை பாக்கி, பேட்டா, எல்லாவற்றுக்கும் மேலாக டீசல் நோட்டு. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்று ஆபீசில் ஒரு கணக்கு. அதற்கு மேல் மிச்சம் பிடித்தால் பாதிக் காசு டிரைவருக்கு. மாதக் கடைசியில், யார் அதிகம் மிச்சம் பிடித்தாரோ அவர் பெயரை எல்லோர் முன்னாலும் படித்து "சபாஷ்" போடுவது என் வழக்கம். காசைவிட அந்தச் சபாஷுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று பிற்பாடு புரிந்தது.

அடிக்கடி அந்தப் பெயரை வாங்குகிறவர் ராசிபுரம் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். குடி கிடையாது, அதிர்ந்து பேச மாட்டார். 1996இல் நாசிக்கிலிருந்து வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு சேலம் லீ பஜாருக்கு வந்தார். விடியற்காலம் தொப்பூரில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே வந்த பஸ்ஸைத் தவிர்க்க வண்டியை மலைப்பக்கம் ஒடித்துப் பாறையில் உரசி நிறுத்தியிருக்கிறார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. கிளீனர் பையனுக்குத்தான் இடது கால் நசுங்கிவிட்டது. 19 வயது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரைக் கேட்டேன். "நியூட்ரலா?"

"ஆமாங்கண்ணா."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னங்கண்ணா. பன்னெண்டு வருசமா அப்படித்தான எறக்கறேன். ஒருக்காகூட ஒண்ணும் ஆகலைங்களே."

இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். தப்பு செய்தவுடன் அடி விழுந்தால் யாரும் மறுபடி செய்ய மாட்டார்கள். நியூட்ரல் அப்படி இல்லை. நூறு தடவை பத்திரமாகக் கீழே கொண்டுவந்து விடும். ஒவ்வொரு தடவையும் "பார், ஒன்றும் ஆகவில்லை" என்று பாடம் சொல்லும். புதுசாக லைசென்ஸ் வாங்கியவன் பயந்து இரண்டாவது கியரில் ஊர்ந்து இறங்குவான். கைதேர்ந்தவர்தான் விட்டுவிடுவார்.

பிறகு அவரே இன்னொன்றும் சொன்னார். "தொப்பூர் வந்துட்டாலே வீட்டு வாசம் அடிச்சிருதுங்கண்ணா. அஞ்சு நாளா ஓட்டிட்டு வாரது, இது எறங்குனா சேலம், அப்புறம் வீடு. என்ஜின் சத்தம் அடங்கி வண்டி தானா உருள்றப்ப உடம்பே லேசாயிருதுங்க."

நம்மூர் லாரிக்காரர்களுக்கு அந்த இறக்கம் எங்கே இருக்கிறது பாருங்கள். வடக்கே போய்விட்டு, தூக்கம் கெட்டு, வீடு இரண்டு மணி நேரத் தொலைவு என்கிற நேரத்தில் வருகிறது. மனசு வண்டிக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும்.

விஷயம் தெரிந்த ஒரு மெக்கானிக் பின்னாளில் எனக்கு விளக்கினார். ஏறுகிற கியரிலேயே இறங்கினால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் மொத்த எடையும் பிரேக் மேல். டிரம் சூடேறி லைனிங் பிடிப்பு விட்டுவிடும். பதறி மிதிக்க மிதிக்க டேங்கில் காற்றும் குறையும். இன்னொரு வேடிக்கை, கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு இறங்கும்போது பம்ப் டீசலை ஏறக்குறைய நிறுத்திவிடுமாம். நியூட்ரலில்தான் என்ஜின் அணையாமல் இருக்க டீசல் வேண்டும். அப்படியே மிச்சம் என்று வைத்துக்கொண்டாலும், ஏழெட்டு கிலோமீட்டர் இறக்கத்துக்கு இரண்டு லிட்டர். அவர் பங்கு ஒரு லிட்டர். அன்றைய விலைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் அரை மணி ஓய்வு என்று அதில் இருந்தது. எங்கள் டிரிப் ஷீட்டில் டீசலுக்குக் கட்டம் உண்டு, ஆயிலுக்கு உண்டு, டயருக்கு உண்டு. தூக்கத்துக்குக் கட்டம் இல்லை. அந்தக் கட்டங்களைக் கோடு போட்டவன் நான்தான்.

அந்த விபத்துக்குப் பிறகு பெயர் படிப்பதை நிறுத்தினேன். டீசல் பங்கை எடுத்துவிட்டு அந்தக் காசைப் பேட்டாவில் சேர்த்துக் கொடுக்கலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். "அப்புறம் டீசலை வித்துருவானுங்க" என்றார். மூன்று தடவை கேட்டேன். நாலாவது தடவை கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை அந்த நோட்டை எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

தொப்பூரில் 2020 டிசம்பரில் நான்கு பேர் போனார்கள். 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தில் மறுபடி நான்கு பேர். இப்போது உயர்மட்டச் சாலை போடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் டிவியில் "ஓட்டுநரின் அலட்சியம்" என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பச்சை அட்டை நோட்டு கண்ணில் வருகிறது.

அன்று வளைவு ஒன்றில் எங்களுக்கு முன்னால் ஒரு பன்னிரண்டு சக்கர லாரி. லைனிங் கருகுகிற வாசம் காருக்குள் வந்தது. டிரைவர் தனியாள். இப்போதெல்லாம் பல வண்டிகளில் கிளீனரும் கிடையாது. பையன் ஹாரனில் கை வைத்தான்.

"அடிக்காதப்பா. தள்ளியே போ" என்றேன்.

கீழே வந்ததும் அந்த லாரி ஓரம் கட்டி நின்றது. டிரைவர் இறங்கி, பாட்டில் தண்ணீரை எடுத்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.