சுமை தாங்கிய கப்பல்

ஆகஸ்ட் 12

வாட்ச் முடிந்து மேலே வந்தேன். சிசிலிக்கும் ட்யூனீசியாவுக்கும் நடுவே எங்கள் டேங்கர் போய்க்கொண்டிருக்கிறது. 1942இல் இதே நாள் மாலை, இந்தக் கடலில்தான் 'ஒஹையோ' அடிபட்டது. அமெரிக்காவில் 1940இல் கட்டிய கப்பல்; பிரிட்டன் கொடியேற்றி, இரண்டாம் உலகப்போர் முற்றுகையில் வாடிய மால்டாவுக்கு எரிபொருள் சுமந்து போனது. கூடப் போன சரக்குக் கப்பல்களோடு சேர்த்து மொத்தம் 14. எண்ணெய்க் கப்பல் அது ஒன்றுதான்.

இத்தாலிய நீர்மூழ்கி 'ஆக்ஸும்' விட்ட டார்பிடோ பம்ப் ரூமில் பாய்ந்தது. 24 அடிக்கு 27 அடி ஓட்டை. நான் தினமும் இறங்கி ஏறும் இடம் பம்ப் ரூம். இன்று அங்கே நின்று அந்த அளவைக் கண்ணால் அளந்தேன். நெஞ்சு அடைத்தது.

ஆகஸ்ட் 13

மறுநாள் முழுக்க விமானங்கள் குண்டு போட்டன. சுட்டு வீழ்த்திய விமானம் ஒன்று ஒஹையோவின் தளத்திலேயே வந்து விழுந்தது. கொதிகலன்கள் அணைந்தன, இன்ஜின் நின்றது. கேப்டன் டட்லி மேசனும் ஆட்களும் கப்பலைவிட்டு இறங்கினார்கள்; மறுபடியும் ஏறினார்கள். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் வரும் அமைதி எனக்குத் தெரியும். குண்டு விழுகிற நேரத்தில் அந்த அமைதிக்குத் திரும்பி வந்த மனிதர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 14

சீஃப் மேட் தூத்துக்குடிக்காரர். "அவ்வளவு அடிபட்டும் எப்படி சார் மிதந்துச்சு?" என்று கேட்டேன்.

"எண்ணெய் தண்ணியவிட லேசுப்பா. அது தொட்டிக்குள்ள இருக்கிற வரைக்கும் அந்த இடத்துக்குக் கடல் வராது."

கப்பல் சுமந்த எண்ணெய், கப்பலையும் சுமந்திருக்கிறது!

ஆகஸ்ட் 15

மால்டாவுக்கு வெளியே நங்கூரமிட்டிருக்கிறோம். இன்று மாதா விண்ணேற்புத் திருநாள். 1942இல் இதே திருநாள் காலையில், போர்க்கப்பல்கள் இருபுறமும் அணைத்துப் பிடிக்க, ஒஹையோ துறைமுகத்துக்குள் வந்தது. கோட்டைச் சுவர்களில் திரண்ட ஜனங்கள் ஆரவாரித்தார்கள். புறப்பட்ட 14இல் கரை சேர்ந்தவை 5. மேசனுக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது.

எண்ணெயை இறைக்க இறைக்கக் கப்பல் தாழ்ந்தது. கடைசியில் அடி தரைதட்டியது. பிறகு ஓடவேயில்லை. இரண்டாக உடைந்த அதை 1946இல் கடலுக்குக் கொண்டுபோய்ப் பீரங்கியால் சுட்டு மூழ்கடித்தார்கள்.

கரையில் வாணவேடிக்கை தெரிகிறது. எங்கள் தொட்டிகள் நிறைந்திருக்கின்றன. இனி இந்தச் சுமையை வெறும் சரக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.