நிரம்பாத பை

வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கிறது. வளையலாயினும் வண்டிச் சக்கரமாயினும் விடை ஒன்றே. கணித நூலார் அதனைப் 'பை' என்பர். கடைக்கு எடுத்துச் செல்லும் பையன்று. கிரேக்க எழுத்தொன்றின் பெயர். வேல்ஸ் நாட்டவரான வில்லியம் ஜோன்ஸ் 1706-ஆம் ஆண்டு அவ்வெழுத்தை இவ்வெண்ணுக்கு வழங்கினார். ஆயினும், எவ்வளவு இட்டாலும் நிரம்பாத பை என்று தமிழில் பொருள் கொண்டாலும் பிழையில்லை. 3.14159 என்று தொடங்கும் இதன் இலக்கங்களுக்கு முடிவு கிடையாது; ஒரே வரிசை சுழன்று சுழன்று வருவதும் கிடையாது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்காசிரியனாக இருந்தவன் நான். இந்த எண்ணின் பொருட்டு ஒரு சிறுவனுக்கு நான் தவறு இழைத்ததுண்டு.

1979-ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்பு. கரும்பலகையில் 'பை = 22/7' என்று எழுதினேன். அத்துடன் நின்றிருக்கலாம். பிள்ளைகளை வியப்பில் ஆழ்த்தும் ஆசையில், இதன் இலக்கங்கள் எவ்வித ஒழுங்கிற்கும் அடங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்றும் சொல்லி வைத்தேன். மறுநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். வீட்டில் 22-ஐ 7-ஆல் வகுத்துக்கொண்டே போயிருக்கிறான். இரண்டு பக்கம் நிறைய எண்கள்.

"சார், 142857 என்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒழுங்கே இல்லை என்றீர்களே?"

"பரீட்சைக்கு வேண்டியதைப் படி. உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது.

விடை தெரியாமல் நான் அப்படிச் சொல்லவில்லை. 22/7 என்பது பைக்கு அருகிலுள்ள ஒரு பின்னமேயன்றிப் பை அன்று. மூன்றாம் தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ஆனால் அதை ஒப்புக்கொண்டால், முந்தின நாள் நான் இட்ட சமக்குறி பொய்யாகிவிடுமே! அந்த ஆண்டு முடியும்வரை அவன் வேறு எதுவும் கேட்கவில்லை.

பிற்காலத்தில் இவ்வெண்ணின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் என் நாணம் பெரிதாயிற்று. கிறிஸ்து பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், வட்டத்தின் உள்ளும் புறமும் 96 பக்கங்கொண்ட பல்கோணங்களை அமைத்துக் கணக்கிட்டார். பை என்பது மூன்றே பத்தின்கீழ் எழுபத்தொன்றினும் பெரிது, மூன்றே ஒன்றின்கீழ் ஏழினும் சிறிது என்பதே அவர் முடிவு. மூன்றே ஒன்றின்கீழ் ஏழு என்பது நம் 22/7 தான். அதனினும் சிறிது என்றாரேயன்றி, அதற்குச் சமம் என்று அவர் எழுதவில்லை. சமக்குறி நம்மைப் போன்ற வாத்தியார்கள் இட்டது.

(அரசர்கள் முதல் நூல் ஏழாம் அதிகாரத்தில், சாலமோன் ஆலயத்து வெண்கலக் கடல் தொட்டிக்குக் குறுக்கே பத்து முழம், சுற்றிலும் முப்பது முழம் என்றிருப்பதை வாசகர்கள் அறிவீர்கள். அப்படியானால் பை மூன்றுதானா என்று எள்ளுவோர் உண்டு. முழக்கயிறு பிடித்தவர் முழுமுழமாகச் சொன்னார், அவ்வளவே.)

எல்லாரினும் என் மனத்தைத் தொட்டவர் வில்லியம் ஷாங்க்ஸ். இங்கிலாந்தின் டர்ஹாம் வட்டாரத்தில் பள்ளி நடத்தியவர். கணிப்பொறி ஏதுமின்றித் தாளும் பேனாவும் கொண்டே பையின் 707 தசம இலக்கங்களைக் கணக்கிட்டு 1873-இல் வெளியிட்டார். விண்கலம் செலுத்துவோருக்கே பதினைந்து இலக்கங்கள் போதும் என்னும்போது, 707 எதற்கு? பயனைக் கருதியவர் இவ்வேலையைத் தொட்டிருக்கவே மாட்டார். அவருடைய முந்தைய பட்டியலைப் பார்த்த டி மோர்கன் என்னும் கணித அறிஞர், 608 இலக்கங்களில் ஏழு என்பது 44 முறையே வந்திருக்கிறதே என்று வியந்தார். அறுபது முறையாவது வந்திருக்க வேண்டும். வியந்தாரேயன்றிப் பிழையைக் காணவில்லை. 1882-இல் ஷாங்க்ஸ் காலமானார். பை எந்த இயற்கணிதச் சமன்பாட்டுக்கும் கட்டுப்படாத எண் என்று லிண்டமன் நிறுவியதும் அதே ஆண்டில்தான்.

1937-இல் பாரிஸ் நகர அறிவியல் கூடமொன்றில் வட்டமான அறை அமைத்து, அந்த 707 இலக்கங்களையும் சுற்றிலும் பதித்தார்கள். 1940-களில் பெர்குசன் என்பவர் மீண்டும் கணக்கிட்டார். 527 வரை சரி. 528-ஆம் இடத்தில் பிழை. அதன்பின் வந்தவை யாவும் தவறு! 1949-இல் பாரிஸ் அறையைத் திருத்தினார்கள். அதன்பின் பொறிகளின் காலம். நம் இராமானுஜன் 1914-இல் தந்த சூத்திரம் ஒன்றைக் கொண்டே 1985-இல் ஒன்றே முக்கால் கோடி இலக்கங்கள் வரை சென்றார்கள். 2022-இல் 100 இலட்சம் கோடியைத் தொட்டார்கள். எனக்கென்னவோ அவையெல்லாம் ஷாங்க்ஸின் 527-க்கு ஈடாகத் தோன்றவில்லை.

1996-ஆம் ஆண்டு எங்கள் பங்குத் திருவிழாவில் தேர்ப்பவனி முடிந்து கூட்டம் கலையும்போது, கைக்குழந்தையுடன் ஒருவர் வந்து வணங்கினார். அதே மாணவன். வெளியூரில் வேலையாம். நலம் விசாரித்த பின் மெல்லக் கேட்டேன்:

"ஏனப்பா, எட்டாம் வகுப்பில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் உட்கார வைத்தேனே, நினைவிருக்கிறதா?"

"நீங்கள் திட்டியதா? நினைவில்லையே, சார்" என்று சிரித்தான். சற்றுப் பொறுத்து, "142857 மட்டும் மறக்கவில்லை" என்றான்.

ஆலய முற்றத்துத் திண்ணையில் அமர்ந்து, பதினேழு ஆண்டுகள் தாமதமாக, அவனுக்கு விடை சொன்னேன். குழந்தை தோளில் உறங்கிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.