சேமிப்பு வலையமைப்பில் எல்லை வகுப்போர்

வங்கி, மருத்துவமனை, தொலைத்தொடர்பு முதலிய பெருநிறுவனங்களின் தரவு மையங்களில், சர்வர்களும் வட்டுத் தொகுதிகளும் ஃபைபர் சேனல் ஸ்விட்சுகளால் ஆன தனி வலையமைப்பின் வழியே இணைக்கப்படுகின்றன. சான் எனச் சுருக்கமாக வழங்கப்படும் இவ்வலையமைப்பில், எந்தச் சர்வர் எந்த வட்டுத் தொகுதியைக் காணலாம் என்று வரையறுத்து ஸ்விட்சில் பதியும் வேலையே ஸோனிங்; அவ்வாறு வரையறுக்கப்படும் ஒவ்வொரு குழுவும் ஒரு ஸோன். இதற்கான கட்டளைகள் எளியவை. சில வாரங்களில் எவரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அவற்றை இடுவதற்கு முன்னும் பின்னும் நடக்கும் சரிபார்ப்பு பல ஆண்டுப் பழக்கத்தால் மட்டுமே கைவருவது. ஸ்டோரேஜ் நிர்வாகியின் தொழில்திறனை மதிப்பிட விரும்புபவர் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஸ்விட்ச் அடுக்கின் முன் நிற்பவருக்கு முதலில் தெரிவது எல்லாமே இரட்டையாக இருப்பதுதான். சர்வரில் ஹெச்.பி.ஏ. எனப்படும் இணைப்பு அட்டையின் இரு போர்ட்டுகளில் ஒன்று ‘ஏ’ ஃபேப்ரிக்கின் ஸ்விட்சுக்கும் மற்றொன்று ‘பி’ ஃபேப்ரிக்கின் ஸ்விட்சுக்கும் செல்கிறது. ஃபேப்ரிக் என்பது ஒன்றோடொன்று இணைந்து ஒரே ஸோன் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்விட்சுகளின் தொகுப்பு. இவ்விரு ஃபேப்ரிக்குகளுக்கும் இடையே ஒரு கேபிள்கூட ஓடக் கூடாது என்பதில் நிர்வாகிகள் கண்டிப்பாக இருக்கின்றனர். ஸோன் மாற்றத்தில் நேரும் பிழை ஒரு ஃபேப்ரிக் முழுவதும் பரவிவிடும் என்பதால், மற்றொன்று அதனால் தீண்டப்படாமல் இருந்தாக வேண்டும்.

வேலையின் நுட்பம் எண்களில் தொடங்குகிறது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் வேர்ல்ட் வைட் நேம் எனப்படும் 64 பிட் அடையாளம் உண்டு. அது 16 பதினறும இலக்கங்களாக, இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்டு, இடையே முக்காற்புள்ளியுடன் எழுதப்படும். அட்டைக்கு ஓர் எண்ணும் அதன் போர்ட்டுக்கு வேறோர் எண்ணும் இருக்க, ஸோனில் வழக்கமாகச் சேர்க்கப்படுவது போர்ட்டின் எண். ஒரே அட்டையின் இரு போர்ட்டுகளுக்கிடையே ஓரிரு இலக்கங்களே மாறும். 8 என்ற எண்ணும் ‘பி’ என்ற எழுத்தும் கண்ணை எளிதில் ஏமாற்றும். ஆகவே தேர்ந்த நிர்வாகி அந்த எண்ணைக் கையால் தட்டுவதில்லை. சர்வர் குழு அனுப்பிய எண்ணை, ஸ்விட்சில் உள்நுழைந்திருக்கும் போர்ட்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டு, அங்கிருந்தே நகலெடுத்து, கடைசி ஆறு இலக்கங்களை உரக்க வாசிக்க, உடனிருப்பவர் மாற்றக் கோரிக்கைப் படிவத்தில் விரல் வைத்துச் சரிபார்க்கிறார். பிறகே அதற்கு ஏலியஸ் எனும் மாற்றுப்பெயர், சர்வரின் பெயரும் அட்டையின் எண்ணும் விளங்கும்படி, சூட்டப்படுகிறது.

ஒரு ஸோனில் இனிஷியேட்டர், அதாவது வட்டைக் கேட்டு வரும் சர்வர் போர்ட், ஒன்றே ஒன்று இருக்க வேண்டும் என்பது இத்துறையின் எழுதாச் சட்டம். பலவற்றை ஒன்றாக வைத்தால், ஒரு சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது எழும் மாற்ற அறிவிப்பு தொடர்பற்ற சர்வர்களையும் சென்றடைந்து தொந்தரவு தரும். இவ்விதியால் ஸோன்களின் எண்ணிக்கை பெருகுவது உண்மையே. ஸ்விட்ச் தயாரிப்பாளர்களான பிரோகேடின் பியர் ஸோனிங்கும் சிஸ்கோவின் ஸ்மார்ட் ஸோனிங்கும் அச்சுமையைக் குறைக்க வந்தவை.

உயிர்நாடியான கட்டம், மாற்றத்தைச் செயல்படுத்தும் கட்டமே. ஸோன்கள் ஒரு தொகுப்பில் சேர்க்கப்பட்டு, அத்தொகுப்பே இயக்கப்படுகிறது. பிரோகேட் அதைக் கான்ஃபிகரேஷன் என்றும் சிஸ்கோ ஸோன்செட் என்றும் அழைக்கின்றன. ஒரு ஃபேப்ரிக்கில், சிஸ்கோவிலாயின் வி-சான் எனப்படும் ஒரு மெய்நிகர்ப் பிரிவில், ஒரு நேரத்தில் ஒரு தொகுப்பு மட்டுமே இயங்க முடியும். புதிய ஸோனை மட்டும் கொண்ட தனித் தொகுப்பை அறியாமல் இயக்கிவிட்டால், பழைய ஸோன்கள் அனைத்தும் அக்கணமே விலகி, அந்த ஃபேப்ரிக்கின் சர்வர்கள் எல்லாம் அதன் வழியே தம் வட்டுகளுக்குச் செல்லும் பாதைகளை இழக்கும். பிரோகேட் ஸ்விட்ச், இயக்கும் கட்டளையை ஏற்குமுன் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ எனக் கேட்கிறது. வெறுமனே என்டர் விசையைத் தட்டினால் அதை ‘இல்லை’ என்றே கொள்கிறது. அக்கேள்வியின் முன் நின்று, இயங்கும் தொகுப்பின் நகல் சேமிக்கப்பட்டதா, ஸோன்களின் எண்ணிக்கை முன்னதைவிடக் கூடியிருக்கிறதா என்று மீண்டும் பார்த்தபின்னரே அனுபவமுள்ளவர் ‘ஆம்’ என்கிறார். முதலில் ‘ஏ’ ஃபேப்ரிக். சர்வர் குழு தன் பாதைகள் நலம் என்று உறுதி சொன்ன பிறகே ‘பி’.

இத்தனை கவனமும் சேர்ப்பதில் செலுத்தப்படுகிறது, நீக்குவதில் செலுத்தப்படுவதில்லை. ஓய்வு கொடுக்கப்பட்ட சர்வர்களின் ஸோன்கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்க, அளவு வரம்புடைய ஸோன் தரவுத்தளம் வீங்குகிறது. எது உயிருள்ளது, எது செத்தது என்று அடுத்து வருபவருக்குத் தெரியாமல் போகிறது. சர்வரை அடுக்கிலிருந்து கழற்றுவதற்கான படிவத்திலேயே அதன் ஸோனையும் ஏலியஸையும் நீக்குவதற்கு ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். அந்த வரி நிறைவேறாமல் படிவத்தை மூட எந்த நிறுவனமும் அனுமதிக்கக் கூடாது.